வலி நின்ற தேதி

"என்ன புள்ள இது? ஐஸ் போத்தல்னு சொல்லிட்டு சுடுதண்ணியவா சொமந்துக்கிட்டு வந்திருக்க?"

லூர்தம்மா லயத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து, இடது பாதத்துக்குக் கீழே போத்தலை வைத்து முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். விடியும்போதே மலைக்குப் போய் ரப்பர் மரங்களின் பட்டையை வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து, குளித்து, ஈரத் தலையை அள்ளி முடிந்திருந்தாள். பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அது அன்றைக்கு எத்தனையாவது கோப்பை என்று யாரும் பார்க்கவில்லை.

"பஸ் லேட்டும்மா. கரைஞ்சிருக்கும்," என்றாள் மகள் அனிற்றா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"கரைஞ்சாலும் கொஞ்சம் ஜில்லுனு இருக்க வேணாமா? ஒங்க நிஸார் நானாகிட்ட சொல்லு, ப்ரிஜ்ஜ நிப்பாட்டி வச்சு கரண்டு மிச்சம் புடிக்க வேணாம்னு."

"அவரு காதுல விழுந்துச்சுன்னா அந்தப் போத்தலும் கெடைக்காது, பாத்துக்கங்க."

போத்தல் சிமெந்துத் தரையில் உருள உருள, உள்ளே ஏதோ கடகடவென்று இடித்துக்கொண்டிருந்தது. அப்பா செபஸ்ரியன் வாசலில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி மாதம். மழை இல்லை. ரப்பர் மரங்களெல்லாம் இலை சிவந்து, காற்று அடித்தால் லயத்துக் கூரை மேல் சருகு கொட்டியது.

மறுநாள் லூர்தம்மா போத்தல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கால் வலி போய்விட்டதாம்.

இரண்டு வருடத்து வலி அது. குதிகாலில்தான் தொடங்கியது. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறுவதுபோல் குத்தும். பத்து அடி நடந்தால் குறையும். மலையில் நின்று வேலை செய்துவிட்டு உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும். இதைப் பற்றி அனிற்றாவுக்குத் தெரியும். ஏ.எல். படித்துவிட்டு தெஹியோவிட்ட டவுனில் நிஸார் நானாவின் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு ஆறு வருடமாக நிற்கிறாள். சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் காலைக் காட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஈர பூட்ஸை நாள் முழுக்கப் போட்டு விரலிடுக்கு வெந்து போனவர்கள், பித்தவெடிப்பில் இரத்தம் கசிகிறவர்கள், கால் ஆணியை பிளேடால் சீவிப் புண்ணாக்கிக்கொண்டவர்கள். பெருவிரல் மட்டும் திடீரென்று சிவந்து வீங்கினால் அதற்குத் தைலம் தேய்க்கக் கூடாது, இரத்தம் சோதிக்க அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குதிகால் வலி என்றால் பாதத்துக்கு அடியில் ஓடும் தசைநார் இழுபட்டுப் புண்ணாகியிருக்கும். ஐஸ் போத்தலை உருட்ட வேண்டும், கெண்டைக்காலை நீட்டி இழுக்க வேண்டும், செருப்புக்குள் மெத்தென்று ஒன்று வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அம்மாவுக்குச் செய்தாள். லூர்தம்மா தினமும் காலையில் இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி நிற்பாள். செபஸ்ரியன் பாயில் படுத்தபடியே கேட்பார்: "என்னா லூர்து, சொவத்தத் தள்ளிக்கிட்டே இருக்க? பக்கத்து வீட்டையும் சேத்து எடுத்துக்கலாம்னு பாக்குறியா?"

பக்கத்து வீட்டிலிருந்து ரோஷானியின் குரல் வரும்: "அண்ணே, தள்ளட்டும். வெள்ளையடிச்சிட்டுத் தள்ளச் சொல்லுங்க."

ஆறு மாதத்தில் குதிகால் குத்து குறைந்தது. ஆனால் பாதம் எரியத் தொடங்கியது. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்பாள் லூர்தம்மா. நடக்கும்போது இல்லை, படுத்தால் எரிந்தது. பாயை விட்டுப் பாதத்தைச் சிமெந்துத் தரையில் வைத்துக்கொண்டு படுப்பாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாள். அதே கால், அதே அம்மா என்பதால் அதே வலிதான் என்று அனிற்றா நினைத்துவிட்டாள். இன்னும் பெரிய போத்தலாகப் பார்த்து நிஸார் நானாவின் ப்ரிஜ்ஜில் வைத்தாள்.

கடையில் மேசைக்குப் பக்கத்தில் இரத்தத்தில் சீனி பார்க்கிற மெஷின் இருந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் போதும். ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது அனிற்றா குத்துவாள். அம்மாவின் விரலில் அவள் ஒரு தடவையும் குத்தவில்லை. அம்மா மெலிந்தவள், மலை ஏறி இறங்குகிறவள், சீனி வருத்தம் டவுனில் கதிரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருவது என்று அவளும் எங்கோ மனதில் வைத்திருந்தாள்.

வலி நின்றதும் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. யார் குணமாக்கியது என்று.

"என் எண்ணெய்தான்," என்றார் செபஸ்ரியன். அவர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற வேலையில் இருந்தார். அங்கே கூட வேலை செய்கிற சிங்களவர் ஒருவர் சொன்ன வெத மாத்தயா என்கிற நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்து, மூன்று மாதம் மனைவியின் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்திருந்தார். "அந்த நாத்தத்துக்கே வலி ஓடியிருக்கும்."

"சொவரு தள்ளினது யாரு? ஐஸ் சொமந்தது யாரு?" என்றாள் அனிற்றா.

"நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றாள் லூர்தம்மா. "போன நத்தார் பூசையில சூசையப்பருக்கு நேந்துக்கிட்டேன். ஒங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

அதோடு அந்த வழக்கு முடிந்தது. வெள்ளியில் கால் செய்து போடுவதாகவும், திருநாளன்று தோட்டத்து கேட்டிலிருந்து கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடந்து வருவதாகவும் நேர்ந்திருந்தாள். நாள் கணக்கு மறந்துவிடக் கூடாது என்று, சுவரில் மாட்டியிருந்த பாமசி கலண்டரில் வலி நின்ற தேதிக்குக் கீழே அனிற்றாவை எழுதச் சொன்னாள். ஜனவரி பதினாறு. சிவப்புப் பேனாவால் அனிற்றா எழுதினாள்: அம்மாவுக்கு வலி நின்றது. வீட்டில் நல்ல எழுத்து அவளுடையதுதான்.

கடையில் சொன்னபோது நிஸார் நானா சந்தோஷப்பட்டார். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப இனி என்ட ப்ரிஜ்ஜில எடம் ஈக்கும். ஒங்கம்மாட போத்தலால எனக்கு ஐஸ்கிரீம் வெக்க வழியில்ல புள்ள."

மார்ச்சில் சூசையப்பர் திருநாள் வந்தது. கோயில் வாசலில் மெழுகுதிரிக்காரர் வெள்ளித் தகட்டில் அடித்த கைகளையும் கண்களையும் கால்களையும் நூலில் கோர்த்துத் தொங்கவிட்டிருப்பார். முதல் ஞாயிறே போய் லூர்தம்மா ஒன்றை வாங்கிவிட்டாள். ஒரே அச்சுதான், ஒரு பக்கம் பார்த்தால் வலது கால், திருப்பினால் இடது கால்.

"நல்லாத் திருப்பி நூலு போடுங்க," என்று மெழுகுதிரிக்காரரிடம் சொன்னாள். "எந்தக் காலுன்னு அவருக்குக் கொழப்பம் வரக் கூடாது."

திருநாளன்று பூசை முடிந்து சூசையப்பர் சுரூபம் வெளியே வரும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பதினோரு மணிக்கு நடந்தார்கள். ஐந்து கிலோமீட்டர். இலை உதிர்ந்து முடிந்து, புதுத் துளிர் இன்னும் நிழல் தராத நேரம். தார் ரோடு மினுமினுத்தது. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு வந்த மற்றப் பெண்கள் கொஞ்ச தூரத்திலேயே ரோட்டோரப் புல்லுக்கு இறங்கிவிட்டார்கள். ரோஷானி புல்லுக்குப் புல் தாவித் தாவிப் போனாள். லூர்தம்மா மட்டும் ரோட்டு நடுவில், வெள்ளிக் காலைக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஜெபமாலை சொல்லிக்கொண்டு நேராக நடந்தாள். அவளுடைய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அனிற்றா பின்னால் போனாள். தன் செருப்பைத் தாண்டியும் அவளுக்குத் தார் சுட்டது.

"அக்கா, ஓரத்துக்கு வாங்க. கால் வெந்து போயிரும்!" என்று ரோஷானி கத்தினாள்.

லூர்தம்மா திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "சூடே தெரியல ரோஷானி. சத்தியமா. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு."

ரோஷானி நின்ற இடத்திலேயே சிலுவை போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது விஷயம் முன்னாலேயே போயிருந்தது. முன்பின் தெரியாத ஒரு கிழவி வந்து லூர்தம்மாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லூர்தம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். அனிற்றாவும் சிரித்தாள். சந்தோஷத்தில்தான். வெள்ளிக் காலை சூசையப்பர் பீடத்துக் கம்பியில் அவளே எட்டிக் கட்டினாள்.

அடுத்த நாள் லூர்தம்மாவின் பாதங்களில் தோல் உப்பியிருந்தது. "நடந்ததுக்குக் கொஞ்சம் அடையாளம் வேணாமா?" என்று சொல்லிவிட்டுக் காலுறையைப் போட்டு, பூட்ஸைப் போட்டு, மலைக்குப் போய்விட்டாள். வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது?

இரண்டு வாரம் அப்படித்தான் போனது. நாற்றம் வந்தது உண்மை. ஆனால் பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் நாற்றம் புதிதல்ல. ஒட்டுப்பால் துணியில் காய்ந்து, பூட்ஸுக்குள் ஊறி, புளித்து நாறும். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். லயத்துக்காரர்களுக்கு அது மூக்கில் படுவதே இல்லை. அந்த நாற்றத்துக்குள் இன்னொரு நாற்றம் வந்து உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. செபஸ்ரியன் ஒரு நாள் பூட்ஸைத் தூக்கி வெளியே வைத்தார். "எலி கிலி செத்திருக்கா பாரு," என்றார்.

ஏப்ரல் முதல் வாரம் லூர்தம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. அனிற்றா கடையிலிருந்து மாத்திரையோடு வந்து, அம்மாவின் காலுறையைக் கழற்றப் பார்த்தாள். இடது காலுறை வரவில்லை. வெந்நீர் ஊற்றி ஊற வைத்துக் கழற்றியபோது அதோடு தோலும் வந்தது. அடியில் ஒரு குழி. பக்கத்தில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றாள் லூர்தம்மா. "வலிக்கவே இல்லயே."

அனிற்றா ஓடிப்போய் கடைசி பஸ்ஸைப் பிடித்து, கடையைத் திறக்கச் சொல்லி, மெஷினோடு நிஸார் நானாவின் வேனிலேயே திரும்பி வந்தாள். விரலில் குத்தினாள். மெஷின் எண் காட்டவில்லை. அளவுக்கு மேலே போனால் காட்டும் இரண்டு எழுத்துகளை மட்டும் காட்டியது. நிஸார் நானா அதைப் பார்த்தார், அனிற்றாவைப் பார்த்தார். வேன் கதவைத் திறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் இளம் பெண். சிங்களவர். புண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு மெல்லிய குச்சியால் லூர்தம்மாவின் பாதத்தில் அங்கங்கே தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். லூர்தம்மா கண்ணை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவையும் சொல்லவில்லை. கடைசியில், "இன்னும் தொடலீங்களா?" என்று கேட்டாள்.

டொக்டர் அனிற்றாவின் பக்கம் திரும்பினார். காலில் முன்பு எரிவு இருந்ததா? இருந்தது. இப்போது இல்லையா? இல்லை. நின்றது எப்போது? "கவதாத?"

"ஜனவரி பதினாறு," என்றார் செபஸ்ரியன் முந்திக்கொண்டு, சிங்களத்தில். கலண்டரில் எழுதி வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார். அவர் குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது.

டொக்டர் பேனாவை மூடினார். மெதுவாகத்தான் சொன்னார். சீனி பல வருடமாக இருந்திருக்கிறது. எரிந்தது நரம்பு. அது செத்துக்கொண்டிருந்தபோது எரிந்தது, செத்து முடிந்ததும் நின்றுவிட்டது. வலி நின்ற அன்றைக்கே கூட்டி வந்திருக்க வேண்டும்.

அந்த இடத்தில் நின்றபடியே அனிற்றாவுக்குக் காதில் ஒரு சத்தம் கேட்டது. சிமெந்துத் தரையில் போத்தல் உருளுகிற சத்தம், அதற்குள்ளே கடகடவென்று இடித்தது. பஸ் லேட்டுதான். ஆனால் ஐஸ் கரையவில்லை. குனிந்து போத்தலை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அது போதவில்லை. நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், உடனே எடுத்தால் உயிர் தப்பலாம் என்றார்கள். லூர்தம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"வலிக்காத கால ஏன் வெட்டணும்?"

"வலிக்காததுதாம்மா வியாதியே," என்றாள் அனிற்றா.

"நீ கடையில எல்லாருக்கும் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லாத. இது நேந்து கெடச்ச காலு. தார் ரோட்டுல நடந்தேனே, பாத்தியா இல்லியா? நீதானே பின்னால வந்த?"

"பாத்தேன்."

"அப்ப? அவரு குடுத்தத நான் வெட்டிக் குப்பையில போடவா?"

அந்த வெயிலில் அம்மாவின் கால் வெந்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. தலையணையில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாழ்நாளில் அவளைத் தேடி வந்து யாரும் காலைத் தொட்டுக் கும்பிட்டதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. அதையும் எப்படிப் பிடுங்குவது? சொல்லவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது.

மூன்றாம் நாள் லூர்தம்மாவுக்கு நினைவு தப்பியது. இனி வீட்டார் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். தாளை செபஸ்ரியனிடம் நீட்டினார்கள். அவர் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நேராகத் திருப்பி, அனிற்றாவிடம் கொடுத்தார்.

"நீ படிச்சவ. நீயே போடு."

அவள் போட்டாள். நல்ல எழுத்தில்.

காலை எடுத்த மூன்றாம் நாள் லூர்தம்மா இறந்தாள். தமிழ் வருடப் பிறப்புக்கு அடுத்த நாள். மலையில் வேலை இல்லாததால் லயத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரை நோக்கிச் சொல்கிற ஜெபத்தைச் சொன்னார்கள். பெட்டியில் வெள்ளைத் துணியால் இடுப்பிலிருந்து பாதம் வரை மூடியிருந்தார்கள். இடது பக்கம் துணி தட்டையாகக் கிடந்தது. ரோஷானி அந்த இடத்தில் ஒரு தலையணையைச் செருகி, துணியை இழுத்துவிட்டாள்.

நிஸார் நானா வாசலில் தொப்பியோடு நின்றார். உள்ளே வரவில்லை. "ஆறு வருசமா நாள் முழுக்கக் கடைல ஈக்கிற புள்ள. நானாச்சும் கேட்டு ஈக்கணும், ஒங்கம்மாக்கு சீனி பாத்தீங்களா எண்டு," என்றார். அனிற்றா தலையாட்டினாள். அவர் சொன்னது ஆறுதலாகவும் இல்லை, குற்றச்சாட்டாகவும் இல்லை. அது வெறும் உண்மை.

முப்பதாம் நாள் பூசை முடிவதற்குள் லயத்தில் கதை முடிவாகியிருந்தது. அனிற்றா குழாயடியில் நின்றபோது காதில் விழுந்தது. லூர்தம்மாவுக்கு சூசையப்பர் கால் கொடுத்தார். நெருப்பு மாதிரி ரோட்டில் நடந்தபோதும் அது சுடவில்லை. அந்தக் காலை வெட்டினார்கள், மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது மகள்தான்.

அவள் யாரிடமும் வாதாடவில்லை. அப்பாவிடம் மட்டும் ஒரு நாள் கேட்டாள். "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

செபஸ்ரியன் எண்ணெய்ப் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார். "நான் என்னத்தக் கண்டேன் புள்ள," என்றார். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசவில்லை. வேறு எதையும் கூட அதிகம் பேசவில்லை. ஜனவரி பக்கத்தைக் கிழிக்காமல், கலண்டரைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள் ரோஷானி பாமசிக்கு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பாணி மருந்து வாங்க. காசு கொடுத்துவிட்டுப் போகிறவள், சும்மா சொல்வதுபோல் சொன்னாள்: "எனக்கும் போன வருசத்துலயிருந்து பாதம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு அனி. இப்ப ரெண்டு வாரமா இல்ல. சுத்தமா நின்னுருச்சு."

அனிற்றா மெஷினை எடுத்தாள். "ரோஷானியக்கா, விரலக் குடுங்க. ஒரு நிமிசம். காசு வேணாம்."

"எதுக்கு?"

"சீனி இருக்கான்னு பாக்க. எரிவு தன்னால நிக்கிறது நல்லதில்லக்கா. அம்மாவுக்கும் அப்படித்தான்..."

ரோஷானி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. இரக்கமாகத்தான் பார்த்தாள். "ஒங்கம்மாவுக்கு நீ பாத்தது போதும் புள்ள," என்றாள். பாணிப் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்து, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். செருப்பு ஒன்று காலிலிருந்து நழுவிப் பின்னால் கிடந்தது. நான்கைந்து அடி போன பிறகுதான், எதிரே வந்த ஒருவர் சொல்லி, திரும்பி வந்து மாட்டிக்கொண்டாள்.

அனிற்றா வாசல் வரை ஓடினாள். கூப்பிட்டாள். பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை ரோஷானியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு தடவையும் பிள்ளைதான் வந்து, அம்மா இல்லை என்று சொன்னது. இடைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அனிற்றா இன்னும் கோயிலுக்குப் போகிறாள். முன்னால் போவதில்லை, கடைசி வாங்குப் பலகையில் சூசையப்பர் பக்கமாக உட்காருகிறாள். ஜெபம் சொல்ல வருவதில்லை. பீடத்துக் கம்பியில் புதிதாக நிறையக் கட்டியிருக்கிறார்கள். கைகள், கண்கள், ஒரு சின்ன வீடு. அம்மாவின் கால் ஓரத்திலிருந்து நான்காவது. காற்றில் திரும்பாதபடி அவள் கட்டிய முடிச்சு அப்படியே இருக்கிறது. இடது கால். ஐந்து விரல்களும் இருக்கின்றன.